தடைக்காலம்

ஜூன் ஒன்று. முட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்.
ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் நின்றதும்
காதுக்குள் ஒரு குழி விழும்.
அந்தக் குழிக்குள் வந்து கிளீட்டஸ் கேட்டான்:
"எடே, லடாக்குக்குப் போவமா?"

அவன் ஆழ்கடல் டிரைவர். பதினெட்டு நாள் தங்கல்.
நான் கடலுக்கு ஆகாதவன்.
பன்னிரண்டு வயதில் மூன்று தடவை ஏற்றிப் பார்த்தார்கள்,
மூன்று தடவையும் குடல் கக்கிக் கரை சேர்ந்தேன்.
அன்றிலிருந்து
உப்புநீர்த் தொட்டியில் தகர டப்பா இறக்கி
நல்ல வெள்ளத்தை உறையவைக்கிறேன்.
ஐம்பது கிலோ பார்;
ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் வெள்ளை நரம்பு.
கரையில் என் பெயரே
ஐஸ்.

சீட்டு எடுத்த பணம். ரும்ட்சேயில் இறங்கி நடந்தோம்.
மழை மறந்த நாடு. மலைகளுக்குத் தோலில்லை.
ஒன்று மணவாளக்குறிச்சி மணலின் கறுப்பு,
ஒன்று முட்டத்துச் செம்மண் மேடு,
மற்றதற்கெல்லாம் எங்களிடம் நிறமில்லை.
"கடலுதான் இது," என்றான் கிளீட்டஸ்,
"வெள்ளத்த எவனோ கோரிட்டுப் போயிட்டான்."

வழிகாட்டி ஆங்துய் அதிகம் பேசமாட்டான்.
எழுத்து வெட்டிய கற்களை
மார்பளவு அடுக்கிய சுவரொன்று வந்தது.
அதற்கு வலப்புறம் பாதை நேர்.
ஆனால் சுவரை வலக்கைக்கு விட்டு
இடப்புறம்தான் சுற்றவேண்டும்.
குதிரையும் அப்படித்தான் சுற்றியது.
கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே
நேர்வழியில் போய் எங்களுக்காகக் காத்து நின்றான்.

மறுநாள் காலை வாளித் தண்ணீரில் மெல்லிய பாடை.
விரலால் தட்டிச் சத்தம் கேட்டேன்.
இன்னும் பிடிக்கவில்லை.
ஆங்துய் பார்த்தான். பாதி இந்தி, பாதி கையசைவு:
என்ன வேலை உனக்கு?
மீனுக்கு ஐஸ் செய்கிறேன்.
மீனுக்கு வெயில் அடிக்குமா?
செத்த மீனுக்கு.
எங்கள் ஊரிலும் செய்கிறோம் என்றான்.
குளிர்கால இரவுகளில் ஓடைநீரைக் குழாயில் பீய்ச்சினால்
கோபுரமாக உறைந்து நிற்கும்,
மே மாதம் சொட்டுச் சொட்டாக வயலுக்கு இறங்கும்.
ஒரே வேலைதான் என்றான்.
எனக்கு அப்படிப் படவில்லை.
என் ஐஸ் நாற்றத்தை இரண்டு நாள் தள்ளிப்போடும், அவ்வளவே.
அவன் ஐஸில் பார்லி குருத்துவிடும்.

சோ கார் ஏரி. கரையெல்லாம் வெள்ளை.
இந்த உப்பை முன்பு ஆடுகளின் முதுகில் ஏற்றித்
தானியத்துக்கு மாற்றினார்களாம்.
குனிந்து விரலில் தொட்டு நக்கினேன்.
கடலுக்கு ஆகாத என்னைத் தேடிக்
கடல் இவ்வளவு உயரம் ஏறி வந்து
காய்ந்து கிடந்தது.

கடைசிக் கணவாய். பதினேழாயிரத்துச் சொச்சம் அடி.
கொடித்துணிகள் படபடக்கும் கல்குவியலுக்குக் கீழே
கிளீட்டஸ் விழுந்தான்.
பனைமர அலையில் வீல் பிடித்தவன்
உதடு நீலித்து,
காலையில் குடித்த வெண்ணெய் டீயைக் கக்கினான்.
என் குடல் அசையவில்லை.
அவன் பையை நெஞ்சுப்பக்கம் மாட்டி,
அவனைக் குதிரைமேல் தூக்கிவைத்து,
இறங்க இறங்க முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
யாரிடமும் சொல்லாதே என்று
அவன் கேட்கவில்லை.

ஆகஸ்ட். கம்ப்ரசர் ஓடுகிறது.
துறைமுகத்து டீக்கடையில் கிளீட்டஸின் குரல்:
"நம்ம ஐஸ் விழுந்துட்டான் மக்கா.
குதிரையில ஏத்தித்தான் இறக்குனேன்."
எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.
"ஆமா," என்றேன், "குடலு வெளிய வந்துட்டு."
ஒரே சிரிப்பு.
அவன் மட்டும்
டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

இன்று விடியற்காலை மூன்று மணி. அவன் தங்கலுக்குப் போகிறான்.
படகடிக்குப் போகும் வழியில் குருசடி.
வலப்புறம்தான் நேர்வழி, ஊரே அப்படித்தான் போகும்.
அரிசிச் சாக்கைத் தோளில் வைத்தபடி
ஒரு கணம் நின்றான்.
பிறகு இடப்புறம் இறங்கி,
சாக்கடை ஓரமாக, கால் நனைய,
குருசடியை வலக்கைக்கு விட்டுச்
சுற்றிப் போனான்.

அடுத்த பாரைத் தள்ளினேன்.
கிரஷர் அரைக்கத் தொடங்கியது.